ஆறாவது பிஸ்கட்

தைத்து வைத்திருந்த கவுனை விரித்துப் பார்த்ததும் தையல்காரிக்கு வயிறு எரிந்தது. இடுப்புக்குக் கீழே எலி கடித்த ஓட்டை. இந்த மாதத்தில் இது மூன்றாவது துணி. இனி வாடிக்கைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

"இன்னைக்கு உன்ன ஒரு வழி பண்றேன் பாரு!" என்று எலியைத் திட்டிக்கொண்டே ஆறு பிஸ்கட்டில் எலி மருந்தைத் தடவி, மெஷினுக்குப் பின்னாலும் மாமனாரின் கட்டிலுக்கு அடியிலும் வைத்தாள். மாமனார் குளித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவரிடம் எதைத்தான் சொல்லியிருக்கிறாள், இதைச் சொல்ல!

நூல் வாங்கிக்கொண்டு அரை மணியில் திரும்பினாள். ஒரு பிஸ்கட்டையும் காணோம். பட்டப்பகலில் எந்த எலி இத்தனையும் தின்னும்? மாமனார் ஒரு துண்டை முடிந்து தலையணைக்கு அடியில் திணிப்பதைக் கண்டதும் அவளுக்குப் பகீரென்றது.

பாய்ந்து போய்ப் பிடுங்கி அவிழ்த்தாள். ரொட்டித் துண்டுகள், காய்ந்த கேக், பொரிகடலை. எலிகள் எதைத் தேடி வந்தன என்று இப்போது புரிந்தது. நடுவில் மருந்து தடவிய பிஸ்கட்டுகள். எண்ணினாள். ஐந்துதான் இருந்தன.

"மாமா! இன்னொண்ணு எங்க? தின்னுட்டீங்களா? அது எலி மருந்து மாமா! வாயத் தொறங்க!"

"இல்லம்மா, ஒண்ணுகூடத் திங்கல. கீழ கெடந்துச்சு, வீணாப் போகுதேன்னு எடுத்து வெச்சேன். திட்டாதம்மா."

"எதுக்கு ஒளிச்சு வைக்கிறீங்க? கேட்டா தரமாட்டேனா?"

"அன்னைக்குக் கேட்டேன். எப்பப் பாத்தாலும் திங்கிற நெனப்புதானான்னு சொன்ன. அதான் அப்புறம் கேக்கல." பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஆறாவது பிஸ்கட்டை எடுத்தார். "இத உனக்குன்னு வெச்சிருந்தேன். காலையிலேர்ந்து நீ ஒரு வாய்கூட சாப்பிடலியே."

அவள் குமுறிக் குமுறி அழுதாள். அழுதுகொண்டே அவர் கைகளைத் தன் கைகளில் பிடித்து, விரல் விரலாக, சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவன், அப்பாவின் தலைமாட்டில் மூடி போட்ட புது டப்பாவையும் மூலையில் எலிப்பொறியையும் பார்த்தான். "எலி எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுதா?"

"நான்தாங்க வரவழைச்சேன்," என்றாள். "வீட்ல பெரியவங்க பசிக்குதுன்னு சொல்லவே பயந்தா, ஒளிச்சுதான் வெப்பாங்க. எலிக்கு இன்னைக்குதான் விஷம் வெச்சேன். மாமாவுக்கு அன்னைக்கே வெச்சுட்டேன், என் வாயால."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏம்மா, பசிக்குது!"

"இதோ வந்துட்டேன் மாமா!" என்று எழுந்து ஓடினாள்.