கிணற்றில் பாதி

லாசரஸும் சுந்தரமும் சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் ஓரறை வீடு ஒன்றில் சேர்ந்து குடியிருந்தார்கள். இருவருக்கும் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரே ஊர். லாசரஸுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. அவரைவிட இளையவனான சுந்தரத்துக்குத் துறைமுகக் கிடங்கில். இரண்டு பேரும் சம்பாதித்ததைப் போட்டு ஊரில் பொதுவாக ஒரு கிணறு வெட்டி, ஆயில் இன்ஜினும் வைத்திருந்தார்கள். லாசரஸின் மனைவி பிரிஜட்டும் சுந்தரத்தின் மனைவி பூவம்மாவும் அந்தத் தண்ணீரில் வெள்ளாமை பார்த்தார்கள். ஒருநாள் இவளுக்கு, மறுநாள் அவளுக்கு என்று முறை வகுத்ததும் சிங்கப்பூரில் இருந்த ஆண்கள்தான்.

ஊர்ச் செய்தியைக் கொண்டுவருபவன் பக்கத்து ஊர் அலெக்சாண்டர். நாகப்பட்டினத்திலிருந்து வரும் கப்பலில் சமையல்கட்டு வேலை அவனுக்கு. கப்பல் இங்கே நிற்கும் ஞாயிறுகளில் ஓப்பிர் ரோட்டு மாதா கோவில் பூசைக்கு வருவான். லாசரஸ் பூசை முடிந்து வரும்வரை சுந்தரம் கோவில் வாசலில் நிற்பான்.

எழுபத்தெட்டாம் வருடம் கோடையில் அலெக்சாண்டர் லாசரஸிடம் சொன்னான்: "பூவம்மாக்கா முறையன்னிக்கு உங்க வீட்டுல இன்ஜினைப் போட்டுட்டாங்கண்ணே. அக்கா வந்து பாத்தா கிணத்துல சேறுதான் கெடக்கு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டது எங்க ஊரு வரைக்கும் கேட்டுச்சு."

"காரணம் இல்லாம பிரிஜட் போட மாட்டா" என்றார் லாசரஸ்.

"பயிரு காஞ்சா எல்லாருக்கும்தான் காரணம் இருக்கு" என்றான் சுந்தரம்.

அன்று ஒரே பஸ்ஸில், தனித்தனி இருக்கையில் வீடு திரும்பினார்கள். அதோடு பேச்சு நின்றது. சுந்தரம் தனக்கென்று ஓர் அடுப்பு வாங்கிக்கொண்டான்.

சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு நூருன்னிசா எட்டிப் பார்த்தாள். "ஏன் லா ரெண்டு அடுப்பு?"

"தண்ணி முறையில தகராறு" என்றார் லாசரஸ்.

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். "நல்லாத்தானே வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த கப்பல் வந்தபோது லாசரஸ் கோவில் வாசலின் ஒரு பக்கமும் சுந்தரம் மறுபக்கமும் நின்றார்கள். அலெக்சாண்டர் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று.

"அது எப்பவோ தீந்துபோச்சுண்ணே. நாள் கணக்கை விட்டுட்டாங்க. கிணத்துச் சுவத்துல சுண்ணாம்புக் கோடு போட்டிருக்காங்க. தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்குனா இன்ஜினை நிப்பாட்டணும். ஊறுனதும் அடுத்த ஆளு போடணும். நெல்லையும் விட்டுட்டு மொளகா வச்சிருக்காங்க."

"எங்களைக் கேக்கலியே" என்றார் லாசரஸ்.

"கேக்கச் சொல்லலண்ணே. நீளமா ரப்பர் பைப்புதான் கேட்டாங்க. வாய்க்கால்ல விட்டா மண்ணு பாதியைக் குடிச்சிடுதாம்."

இருவரும் போய்த் தேடியதில் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கடையில் பைப் கிடைத்தது. சுருள் ஆள் உயரம் இருந்தது. பஸ் கண்டக்டர் அதைப் பார்த்ததும் "தா போலே" என்று மலாயில் சொல்லி, ஏற்ற முடியாதென்று கையை ஆட்டிவிட்டார். கடைக்காரரிடம் ஒரு கழி வாங்கி, சுருளைக் கோத்து, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக வீட்டை நோக்கி நடந்தார்கள். டோபி காட் வந்ததும் லாசரஸின் தோள் காந்தியது.

"தோள் மாத்திக்கலாமா?"

"மாத்திக்குங்கண்ணே."

கொஞ்ச தூரம் போனார்கள்.

"அந்தக் கோட்டை எவ்வளவு ஆழத்துல போட்டிருப்பாங்க?"

"தெரியலண்ணே."

"நம்ம கிணறு."

"ஆமாண்ணே."

பைப் கப்பல் ஏறியது. சில மாதம் கழித்து அலெக்சாண்டர் வந்தபோது ஒரு பை நிறைய வற்றல் மிளகாயைக் கொடுத்தான்.

"நம்ம தோட்டமா?" என்று லாசரஸ் கேட்டார்.

"அந்தோனியம்மா தோட்டம்."

கிணற்றுக்கு மேற்கே நிலம் வைத்திருந்த விதவை அவள். கிணறு வெட்டும்போது, பணத்துக்குப் பதில் உடம்பால் உழைக்கிறேன், எனக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். மூன்று பங்கு என்றால் வம்பு வரும் என்று இருவரும் சேர்ந்துதான் மறுத்திருந்தார்கள்.

"அவளுக்கு ஏது தண்ணி?"

"நீங்க அனுப்புன பைப்புதாண்ணே, அவங்க தோட்டம் வரைக்கும் எட்டுது. அவங்களும் அவங்க மகளும் எறங்கிக் கிணத்தை இன்னும் ஆழமா வெட்டிக் குடுத்தாங்க. இப்ப ஊத்து சீக்கிரமா ஊறுது. மூணு பேரும் மாத்தி மாத்திப் போடுறாங்க."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இருவரும் சேர்ந்து கோபப்பட்டார்கள். பல மாதம் பேசாமல் இருந்ததையும் சேர்த்துப் பேசினார்கள்.

"வம்பு வரும்னு அன்னிக்கே சொன்னோம்ல?"

"சொன்னோம்ணே."

"லீவு போட்டுட்டு ஊருக்குப் போயி இதை நிப்பாட்டணும்."

"ரெண்டு பேருமாப் போகணும்."

சாயங்காலம் சுந்தரம் அந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு மீன் குழம்பு வைத்தான். ஒரே அடுப்பில்தான் வைத்தான். இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. காரம் அப்படி. லாசரஸ் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

"கப்பல் நாளைக்குக் கெளம்புது. அலெக்சாண்டர்கிட்ட என்ன சொல்லி விடலாம்?"

சுந்தரம் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"பைப்பு நீளம் போதுமான்னு கேட்டு விடுங்கண்ணே."