அம்மை போட்ட மக்காச்சோளம்

தொண்ணூத்தி நாலுல நானு கோயமுத்தூருல ஒரு மக்காச்சோள ஆராய்ச்சிப் பண்ணையில டாக்டர் பட்டத்துக்குப் படிச்சிட்டிருந்தேனுங்க. சொந்த ஊரு காங்கேயம் பக்கம். சோளம் வெதைக்கறதுக்கு எதுக்குடி புவனா டாக்டர் பட்டம், நம்ம தோட்டத்து ஆளு மாரப்பன் படிக்காமயே வெதைக்கறானேன்னு எங்க சித்தப்பா கேட்டுக்கிட்டே இருப்பாரு.

வேல என்னன்னா, எடம் மாறுற ஜீனுங்களப் பாக்கறது. செடியோட ஒவ்வொரு செல்லுலயும் குரோமோசோம்னு நூலாட்டம் இருக்குதுங்க. மக்காச்சோளத்துல அதுல பாதிக்கு மேல சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றதுதான், நான் பேசறாப்ல. அதுல சில துண்டு வெச்ச எடத்துல இருக்காது. எந்திரிச்சுப் போயி வேற எடத்துல உக்காந்துக்கும். ஊதா நெறம் குடுக்கற ஜீனுக்குள்ள போயி உக்காந்துச்சுன்னா மணி வெளுத்துப் போயிரும். மணி வளர்றப்ப மறுக்கா எந்திரிச்சுப் போச்சுன்னா, அந்த எடத்துல மட்டும் ஊதாப் புள்ளி வுழும். அந்தப் புள்ளி மணிதானுங்க என்னோட படிப்பே. நாலு போகம் கதிருக்குக் கதிரு கவர் கட்டி, மகரந்தம் தட்டிச் சேத்துனது.

கடைசிப் போகத்துலதான் எனக்கு ஒத்தாசைக்கு வந்தாங்க கருப்பாத்தாக்கா. பண்ணையில பத்து வருசமா தினக்கூலிங்க. வெதை பொறுக்கறதுல அவிய கையாட்டம் வராது. வேற ரகத்து மணி ஒண்ணு கலந்திருந்தாலும் மொறத்துல ரெண்டு தட்டுத் தட்டி எடுத்துப்போடுவாங்க. பெரிய ஆபீசருங்களே மெச்சுவாங்க. அந்த வருசந்தான் வேலைய நிரந்தரம் பண்ற லிஸ்ட்டுல அவிய பேரு ஏறியிருந்துச்சு. புருசன் இல்லாம ரெண்டு பொண்ணுங்கள வெச்சிருந்தவிய, அதை நம்பித்தான் இருந்தாங்க.

ஒருநா கதிரு உரிச்சுக்கிட்டே, இந்த மணியில எதுக்குங்க அம்மணி இப்படிப் புள்ளி புள்ளியா இருக்குதுன்னு கேட்டாங்க. எனக்கு அன்னிக்கு என்னமோ அவசரம்.

"சொன்னா உங்களுக்குப் புரியாதுங்கக்கா"ன்னுட்டுப் போயிட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவியளும் சிரிச்சாங்க.

வைகாசியில என்னையப் பொண்ணு பாக்க வாராங்கன்னு ஊருக்குப் போனேன். சேத்துவெச்ச கதிரையெல்லாம் உதுத்து டப்பாவுல போட்டு வெச்சிருங்கன்னு அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். நாலு நாள் கழிச்சு வந்து டப்பாவத் தொறந்தா, வெள்ளையும் ஊதாவுந்தான் இருக்குது. புள்ளி மணி ஒண்ணுகூட இல்ல.

அக்கா மலந்த மொகத்தோட வந்து சொல்றாங்க. மணிக்கு அம்மை கண்டிருச்சுன்னு நெனச்சுப்போட்டாங்க. அதைக் குப்பையில கொட்டக்கூடாது, அடுப்புலயும் போடக்கூடாது, ஆத்தாளுக்கு ஆகாது. உட்டாலும் மத்ததுக்குத் தொத்திக்கும். அதனால ஒண்ணு உடாமப் பொறுக்கி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, வேப்பந்தழையோட கொண்டுபோயி கொளத்துல உட்டுட்டு, மாரியாத்தாள வேண்டிட்டு வந்திருக்கறாங்க. நல்ல காரியம் நடக்கற நேரத்துல எனக்கு ஒண்ணும் வந்தரக்கூடாதுன்னும் சேத்து வேண்டுனாங்களாமா.

கொளத்தோரம் ஓடிப் போயிப் பாத்தேன். வேப்பந்தழைதான் மெதந்துட்டு இருந்துச்சு.

புரொபசரு எழுத்துல விளக்கம் கேட்டாருங்க. படிப்பை நிறுத்திப்போடுவாங்களோன்னு எனக்குப் பயம். நான் சொல்லாமயே கருப்பாத்தாள்ங்கற வேலையாள் தானாச் செஞ்சதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். பொய்யில்லீங்க. ஆனா புள்ளி எதுக்குன்னு அவிய கேட்டதையும், நான் வெளக்காமப் போனதையும் அதுல எழுதல.

குடுத்துட்டு வந்தா மனசு கேக்கல. அன்னிக்குச் சாயங்காலம் களத்துல அக்கா பக்கத்துல உக்காந்து மொதல்ல இருந்து சொன்னேன். நூலு, துண்டு, எந்திரிச்சுப் போறது, எல்லாம். கால்மணி நேரம் ஆயிருக்குமா, அவ்வளவுதான்.

"அப்ப அது நோவு இல்லீங்களா அம்மணி?"

"இல்லீங்கக்கா."

கையில கெடந்த வெள்ளை மணியத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "அந்தத் துண்டு வெள்ளனே எந்திரிச்சுப் போனா பெரிய புள்ளி, மணி முத்துன பொறகு போனா சின்னப் புள்ளி. அப்படித்தானுங்களா?"

அது எனக்கு வெளங்கறதுக்கு ஒரு செமஸ்டர் ஆச்சுங்க. தலைய மட்டும் ஆட்டுனேன்.

அக்கா முந்தானையில கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "நாலு போகமும் கொளத்துல போச்சே என்னால. நானே ஆபீசுல போயி என் தப்புதான்னு சொல்லிப்போடறனுங்க. கண்ணாலம் ஆகப்போற புள்ள, உங்க பேருக்கு ஒண்ணும் வரப்படாது"ன்னாங்க.

ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லியிருக்கலாம். வாயி வரைக்கும் வந்துச்சு.

"செரிங்கக்கா"ன்னேன்.

அடுத்த நா அவியளே போயி கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டு வந்தாங்க. ஐப்பசியில லிஸ்ட்டு ஒட்டுனாங்க, அவிய பேரு இல்ல. தினக்கூலிக்கும் வர வேண்டாம்னுட்டாங்க. பொண்ணுங்களக் கூட்டிக்கிட்டு பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களத்து வேலைக்குப் போனதாச் சொன்னாங்க.

நானு வேற எடத்துல வெதை வாங்கி, ரெண்டு வருசம் பிந்தி பட்டம் வாங்கிட்டேன். பொள்ளாச்சி வழியா எத்தனையோ தடவ பஸ்ஸுல போயிருக்கேன். எறங்குனதில்லீங்க.