திரும்பிப் பார்க்காத பிள்ளை

விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்தால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே எழுந்துவிடும். ஒரு வருடமாகப் பூரணி மட்டும் அசையாமல் தூங்கினாள். ஐந்து வயதுப் பிள்ளை. "நா குடுத்து வச்சவ. எம் மக இடி விழுந்தாலும் முழிக்க மாட்டா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள் தாய் நாகலெட்சுமி. அந்தப் பெருமையை என்னென்று சொல்வது! பிள்ளை தூங்கினால்தான் அவள் அடுப்பைப் பற்றவைத்து, ரொட்டி தட்டி, நேரத்துக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியும். அதற்குமேல் யோசிக்க அவளுக்கு எங்கே நேரம்?

போன வருடம் அம்மை போட்டு இறங்கியபின் பிள்ளையின் காதில் சீழ் வந்தது. எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார்கள். நின்றது, மறுபடி வந்தது, மறுபடியும் எண்ணெய். பேச்சு குறைந்துகொண்டே போனது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. தகப்பன் சோலைமலை அதற்கு வைத்த பெயர் திமிர். முதுகில் இரண்டு வைப்பான்.

ஒரு நாள் மாலை பனிமூட்டம் பக்கத்துச் செடியைக்கூட மறைத்துவிட்டது. வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்த நாகலெட்சுமி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நின்றாள். சோலைமலை கொழுந்துச் சாக்குகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். கொழுந்து லொறி பின்பக்கமாக வந்தது. ஹார்ன் விடாமல் அலறியது. எல்லாரும் ஒதுங்கினார்கள். பூரணி மட்டும் பாதை நடுவில், லொறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேயிலைப் பூ பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடியே பூரணி! இங்கிட்டு வாடீ!" என்று கத்தினாள் நாகலெட்சுமி.

பிள்ளை நிமிரவில்லை. சோலைமலை பாய்ந்து இழுத்தான். சக்கரம் ஒரு சாண் தூரத்தில் நின்றது. பயம் வந்தாலும் அவனுக்குக் கோபமாகத்தான் வரும். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை.

"ஹார்ன் அடிக்கிறது காதுல விழல? அம்புட்டுத் திமிரா ஒனக்கு?"

டிரைவர் ஹுசைன் இறங்கி ஓடிவந்தார். அழுகிற பிள்ளையையே பார்த்தார். திரும்பப் போய் ஹார்னை அழுத்தினார். நின்றவர்கள் எல்லாரும் துள்ளினார்கள். பூரணி தாயின் சேலையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அடிக்காதீங்கண்ணே," என்றார் ஹுசைன். "புள்ளைக்குக் காது கேக்கல."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், முகம் மாறியது.

"ரெண்டு காதுலயும் சவ்வு ஓட்டையாயிருச்சு. இனி ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தக் கூடாது. சீழை மருந்துல காய வைக்கலாம். அப்புறம் கொழும்புல காட்டணும். ஆபரேசன் செய்யலாமான்னு அவங்க பாப்பாங்க. காதுல மாட்டுற கருவி இருக்கு. இந்தப் புள்ளைங்களுக்குப் பேசப் பழக்குற பள்ளிக்கூடமும் இருக்கு."

"பழையபடி கேக்குமாங்க?" என்றாள் நாகலெட்சுமி.

"முழுசா கேக்கும்னு சொல்ல முடியாதும்மா. சீழ் வந்தப்பவே வந்திருந்தா இம்புட்டுத் தூரம் போயிருக்காது."

நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சோலைமலை தன் கையையே பார்த்தபடி வெளியே வந்தான். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த ஒருத்தி தன் மகளை உலுக்கிக்கொண்டிருந்தாள்: "எத்தன தடவ கூப்புடுறது? செவிடா நீ?" அவள் கையை ஓங்கினாள். சோலைமலை குறுக்கே போய் நின்றான்.

"வேணாம் தங்கச்சி. நா ஒரு வருசமா எம் மகள அடிச்சேன். எதுக்கு அடிச்சேன்னு அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கூப்பிட்டுப் புள்ள திரும்பலேன்னா கைய ஓங்காதீங்க. காத டாக்டர்கிட்ட காட்டுங்க, அன்னைக்கே காட்டுங்க."