ஈயின் இறக்கை

வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டு வீரேந்திரன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாக டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். என் கண்ணுக்குத் தப்பி ஒரு சொட்டு சிந்துமா? அவர் மனைவி த்ரிசலா கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன்.

டாக்டர் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பெரிய ஈ படத்தை நீட்டினார். "இறக்கையைப் பிடிங்க."

வீரேந்திரன் தாளிலேயே விரலை அழுத்தினார். "வெறும் படம்தானேங்க?"

அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்த த்ரிசலா பின்வாங்கினாள். "மேல எழும்பி நிக்குதுங்க."

"ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தாதான் தூரம் சரியா தெரியும். இவருக்குச் சேரல" என்றார் டாக்டர்.

காலையில்தான் மகள் இனியாவை அந்த வேனில் ஏற்றியிருந்தேன்.

"சாவியைக் குடுங்க" என்று த்ரிசலா கையை ஏந்தினாள். அவர் கொடுத்தார். சாவி அவள் கைக்கு ஒரு சாண் முன்னாலேயே தரையில் விழுந்தது.