பாத்திரம் கழுவாத புருஷன்

"ஏன் சார், கட்டின பொண்டாட்டிக்கு நாலு பாத்திரம் கழுவிக் குடுத்தா கை தேஞ்சா போயிடும்?"

பிசியோதெரபி அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விரல் பயிற்சிக்காகப் பச்சைக் களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்த அம்மாள் பிசைவதை நிறுத்தினாள். கப்பிக் கயிற்றைப் பிடித்துத் தோளை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்த பெரியவர், கயிற்றை விடாமலேயே, "நல்லாக் கேளும்மா. இந்தக் காலத்து ஆம்பளைங்களுக்கு வாய்தான் நீளம், கை நீளாது" என்றார்.

திட்டியது தெரபிஸ்ட் பெண். திட்டு வாங்கியது லிஃப்ட் மெக்கானிக். அவருக்குப் பக்கத்தில், வீங்கிய வலது கையை மேஜைமேல் நீட்டியபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி.

அவளுக்கு அந்த வட்டாரத்தில் நூல்காரி என்று பெயர். அழகு நிலையத்தில் புருவம் திருத்துபவள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி, விரித்து மூடி, விரித்து மூடி, வருஷக்கணக்காக அதே வேலை. மணிக்கட்டுக்குள் ஓடுகிற நரம்பு நசுங்கிவிட்டது. டாக்டர் அதற்குக் கார்ப்பல் டனல் என்றார். தூக்கத்தில் கை மரத்துப்போய் எழுந்து, ஈரக்கையை உதறுவதுபோல உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டீ டம்ளர் தானாக நழுவி விழும். கடைசியில் ஆபரேஷன். கைக்கு மட்டும்தான் மயக்க மருந்து. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் மணிக்கட்டை அறுத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நர்ஸின் கோணல் புருவத்தைத் திருத்த முடியாத தவிப்புடன் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அன்றைக்கே குடைச்சல் நின்றுபோனது. அதுதான் வினையாயிற்று. தையல் பிரித்ததும் கை சரியாகிவிட்டது என்று தானாகவே முடிவு கட்டிவிட்டாள். இரண்டு மாதம் நூலைத் தொடவே கூடாது என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். ஆனால் அழகு நிலையத்து முதலாளியம்மா போனில், "நீ நிதானமா வா. உன் நாற்காலியில ஒரு புது ஆளைப் போட்டிருக்கேன். உன் கஸ்டமருங்களுக்குக்கூட அவளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்று ஆறுதல் சொன்னாள்.

அந்த ஆறுதல் தாங்காமல் மறுநாளே ஓடினாள். முதலாளியம்மாவிடம், டாக்டர் சரியென்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். புருஷனிடம், பொழுது போகாமல் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள்.

கை வீங்கியது. தழும்பைச் சுற்றிச் சிவந்தது. என்ன செய்தீர்கள் என்று தெரபிஸ்ட் கேட்டபோது, கூசாமல் வாயில் வந்தது: "வீட்டு வேலைதான் மேடம். வேற யாரு இருக்கா செய்ய?"

அதற்குத்தான் அந்தத் திட்டு.

உண்மையில், ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவள் ஒரு ஸ்பூனைக்கூடக் கழுவியதில்லை. பெருக்குவது, துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் மெக்கானிக்தான். "லிஃப்ட் கதவை மாட்டிடலாம், உன் தலையில இந்த க்ளிப்பை மாட்ட முடியலடி" என்று முனகிக்கொண்டே அவளுக்குத் தலைகூட வாரிவிடுவார். அவள் கழற்றிப் போடும், கரகரவென்று ஒட்டிப் பிரிகிற மணிக்கட்டுப் பட்டையைச் சோப்புப் போட்டுக் கசக்கிக் காயவைப்பதும் அவர்தான். விரல் நுனிகளெல்லாம் சோப்பில் வெடித்திருந்தன.

அந்த விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு தெரபிஸ்டிடம், "சரிங்க மேடம். இனிமே பாத்துக்கறேன்" என்றார்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம், அழகு நிலையத்தில் பவுடர் டப்பாவோடு திரும்பியவள் அப்படியே நின்றாள். நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தது தெரபிஸ்ட்.

"ரெண்டையும் மெல்லிசா எடுத்துடுங்க" என்றாள் தெரபிஸ்ட், கண்ணைத் திறக்காமலே.

முதலாளியம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தப்பிக்க வழியில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புருவத்தை முடித்துவிட்டாள். இரண்டாவதில் பாதி போவதற்குள் கட்டைவிரல் மரத்துவிட்டது. முறுக்கு அவிழ்ந்து, நூல் தெரபிஸ்டின் மூக்கின்மேல் விழுந்தது.

தெரபிஸ்ட் கண்ணைத் திறந்தாள். முதலில் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். பிறகுதான் முகத்தை.

"ஓ. நீங்க கழுவற பாத்திரம் இதுதானா?"

மீதிப் புருவத்தை முதலாளியம்மா முடித்துக் கொடுத்தாள். அதுவரை நூல்காரி சுவரோரமாக நின்றாள். புறப்படும்போது தெரபிஸ்ட் அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "உங்க கை, நீங்க கெடுத்துக்கறீங்க. ஆனா அந்த மனுஷனை நான் அத்தனை பேர் முன்னாடி கேவலமாப் பேசிட்டேன். அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க, மன்னிப்புக் கேக்கணும். எதுக்குன்னு அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

"டாக்டர் சரின்னுட்டார்னு என்கிட்டயும் அளந்தியே!" என்றாள் முதலாளியம்மா. "முதல்ல வீட்டுக்குப் போ. நாற்காலியைப் பத்தி அப்புறம் பேசலாம்."

நாற்காலியைப் பற்றி யோசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் தொட்டியில் குனிந்து அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க... நான் அக்கா வீட்டுக்குப் போகலீங்க."

"தெரியும்."

"எப்படி?"

அவர் திரும்பாமலே, கொடியில் தொங்கிய இன்னொரு பட்டையைச் சோப்புக் கையால் காட்டினார். "அதைத் தினம் யாரு கசக்கறா? கரகரன்னு ஒட்டுதே, அந்த இடம் பூரா முடி. பொடிப்பொடியா. உங்க அக்காவுக்கு ஏது அவ்வளவு புருவம்?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"தெரிஞ்சுமா அன்னிக்கு வாயை மூடிட்டுத் திட்டு வாங்கினீங்க?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." குழாயை மூடினார். "அங்கேயே சொல்லுவேன்னு பாத்தேன். சரி, படி இறங்கும்போது சொல்லுவே. பஸ்ஸுல சொல்லுவே. நீ ஜன்னலோரம் உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வந்தே."

என்ன செய்வதென்று தெரியாமல், துடைக்கும் துணியை எடுக்கக் கையை நீட்டினாள்.

"வேணாம்" என்றார். "மறுபடி வீங்கினா நான்தான் பதில் சொல்லணும்."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த தடவை போனபோது அதே அறை, அதே பச்சைக் களிமண், அதே பெரியவர். தெரபிஸ்ட் எழுந்து, "சார், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க சொல்லாதீங்க மேடம், நான் சொல்றேன்." நினைத்ததைவிட அவள் குரல் உரக்க வந்தது. "நான் பொய் சொன்னேன். எங்க வீட்ல நான் ஒரு கரண்டிகூடக் கழுவறதில்ல. எல்லாம் இவர்தான். எனக்குத் தலை வாரிவிடறதுகூட இவர்தான். கடையில போய்த் திருட்டுத்தனமா நூல் பிடிச்சுக் கையை வீங்க வெச்சுக்கிட்டு, பழியை இவர் மேல போட்டுட்டேன்."

கப்பியின் கிறீச்சொலி நின்றது.

"அதானே பாத்தேன்!" என்றார் பெரியவர். "வகிடு ஏன் இப்படிக் கோணலா ஓடுதுன்னு."

அறை முழுக்கச் சிரித்தது. மெக்கானிக்கின் காது சிவந்துவிட்டது. "மெதுவாச் சொன்னா ஆகாதா? ஊருக்கே கேக்கணுமா?" என்று பல்லைக் கடித்தார்.

"அன்னிக்கு ஊருக்கே கேட்டுச்சே" என்றாள், தலை நிமிராமல்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். வெடித்த விரல்களால் பட்டையைக் கரகரவென்று பிரித்துக் கழற்றினார். மேஜையில் வைக்கப்போனவர், ஒரு கணம் தயங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பிடித்து நகத்தால் வருடிப் பார்த்தார்.

"இன்னிக்கு முடி இல்ல மேடம்" என்றார் தெரபிஸ்டிடம்.

அவள் வீக்கம் வடிந்த கையை மேஜைமேல் நீட்டினாள். முகம் எரிந்தது.