இன்ஷிராஹ் கேட்ட முதல் சீட்டு

பெருநாள் நெருங்கிவிட்டால் அலெக்ஸாண்ட்ரியாவில் இன்ஷிராஹ்வின் பிஸ்கட்டுக்கு அப்படி ஒரு கிராக்கி. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, பழைய அடுப்போ பாதியைக்கூடத் தாங்காது. பெரிய அடுப்பு வாங்க வங்கிக்குப் போனாள். அடமானத்துக்குக் கடையையே கேட்டார்கள், வட்டியைச் சொன்னதும் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. கொழுந்தன் பயூமி வட்டியே வேண்டாம் என்றான். மகராசன்! பாதிக் கடையைத் தன் பேருக்கு எழுதித் தந்தால் போதுமாம்.

"உங்க அண்ணன் போனப்புறம் ஒத்தையா நின்னு வளர்த்த கடை, தம்பி. இனிமே உங்கிட்ட கைகட்டி நிக்கணுமா?"

"வேற யாரு அண்ணி தருவா? யோசிச்சுச் சொல்லுங்க."

மிச்சமிருந்தது தெருப் பெண்கள் போடும் சீட்டு. மாதம் ஒருத்திக்கு மொத்தப் பணமும் போகும். வட்டியும் இல்லை, பங்கும் இல்லை. ஆனால் முதல் சீட்டு கல்யாண வீட்டுக்குத்தான் என்பது அங்கே எழுதாத சட்டம். அடுப்பு அவசரத்தில் அதை அவள் சுத்தமாக மறந்துபோனாள்.

"முதல் சீட்டு எனக்கு வேணும்க்கா" என்றாள், சீட்டு நடத்தும் அவாத்திஃபிடம்.

பிள்ளைகுட்டி இல்லாத விதவை முதல் சீட்டு கேட்டால் என்ன அர்த்தம்?

"அடி கள்ளி! யாருடி அந்த மாப்பிள்ளை?" அவாத்திஃப் போட்ட குலவையில் ஜன்னல் அதிர்ந்தது. மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இவள் வாய் திறப்பதற்குள் கல்யாணச் சேதிக்குக் கொடுக்கும் ரோஜா சர்பத் வந்துவிட்டது, சேதி தெருக்கோடிக்கே போய்விட்டது.

பயூமி மூச்சிரைக்க ஓடிவந்தான். புது மாப்பிள்ளை கடையைச் சுருட்டிக்கொள்வானே!

"அண்ணி, பாதி வேணாம்! கால் பங்கு போதும்!"

இன்ஷிராஹ்வுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பயமும். உண்மையைச் சொன்னால் சீட்டு போய்விடும், பயூமியும் பழையபடி பாதிக் கடை கேட்பான். ஆனாலும் சர்பத் குடித்துவிட்டு இவர்களிடம் எப்படிப் பொய் சொல்வது?

"மாப்பிள்ளையெல்லாம் இல்லக்கா. அடுப்புக்குத்தான் கேட்டேன்."

குலவை சட்டென்று நின்றது. அவாத்திஃப் அவளை முறைத்தாள்.

"நல்லா உழைக்குமா?"

"ராப்பகலா உழைக்கும்க்கா."

"பங்கு கேக்குமா?"

"கேக்காது."

"எதுத்துப் பேசுமா?"

"பேசாதுக்கா."

"எங்க வீட்டுல இருக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலைடி!" பணக்கட்டு இன்ஷிராஹ்வின் மடியில் விழுந்தது. "போடுங்கடி குலவையை!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். முழுக் கடையும் அவளுடையது.

"அப்ப என் கால் பங்கு?" என்றான் பயூமி.

"சர்பத் குடிச்சுட்டுப் போ, தம்பி."