எட்டாம் சீசா

மருமகளின் பரிசோதனையைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு மாமியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. சலுகை காட்டிவிட்டார் என்று உலகத்தில் ஒருவரும் புகார் கொடுக்க முடியாது என்பதுதான் ஆய்வுக்கூடக் குழுவின் கணக்கு.

எந்த ரசாயனம் குழந்தையின் வளரும் மூளையைக் கெடுக்கும் என்பதை முப்பது வருடமாக எலிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவர் மாமியார். மருமகளிடம் எலியே கிடையாது. மனிதத் தோலிலிருந்து செல்களை எடுத்து, நரம்புச் செல்லாக வளர்த்த ஒரு கூட்டம் உள்ளங்கையளவு தட்டில் உட்கார்ந்து, கடைசி பெஞ்சு மாதிரி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சு மின்துடிப்பாகத் திரையில் ஓடும். விஷம் பட்டால் பேச்சு அடங்கிவிடும்.

பத்துச் சீசாக்கள். உள்ளே என்ன என்பது மாமியாருக்கு மட்டுமே தெரியும். பத்தையும் செல்கள் சரியாகச் சொன்னால், பொம்மைகளுக்குப் பூசும் புதுச் சாயத்தைத் தட்டிலேயே சோதிக்கலாம். ஒன்று தப்பினாலும் அறுநூறு எலிகளுக்கு ஆர்டர்.

முடிவு வந்தது. மாமியார் தம் பட்டியல் இருந்த உறையைப் பிரித்தார்.

"என் பட்டியல்ல ஆறுதான் கெட்டது. நீ ஏழுங்கற. எட்டாம் சீசா வெறும் தண்ணிம்மா! உன் செல்லுங்க தண்ணி குடிச்சே மயங்கிடுச்சா?"

மருமகள் மறுபடி செய்து பார்த்தாள். மறுபடியும் எட்டில் மயான அமைதி. சீசாக்களை வரிசையாக வைத்து உற்றுப் பார்த்தாள்.

"அத்தை, இது மட்டும் ஏன் குண்டா இருக்கு?"

"பெட்டியில ஒண்ணு குறைஞ்சுது. வீட்டிலேருந்து எடுத்துட்டு வந்தேன்."

"வீட்டுல இதுல என்ன இருந்துச்சு?"

"கொசு மருந்து. அதுக்கென்ன? அஞ்சு தடவை வெந்நீர்ல நானே கழுவினேன்."

அத்தை கழுவியது சுத்தமில்லை என்ற வாக்கியத்தை அந்தக் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் உச்சரித்ததில்லை. மாமனார் ஒருமுறை டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் டம்ளரை அவர்தான் கழுவிக்கொள்கிறார். ஒரு பக்கம் வீட்டு நிம்மதி, மறுபக்கம் அறுநூறு எலி.

"அத்தை... கழுவினது போதல."

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்ன?"

"நான் சொல்லல அத்தை. செல்லுங்க சொல்லுது."

"அதுங்களுக்கும் வாய் நீளமாத்தான் இருக்கு." ஆனால் முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? புதுச் சீசா ஒன்றை வரவழைத்து, எட்டாம் சீசாவுக்கு எடுத்த அதே குடத்துத் தண்ணீரைத் தம் கையாலேயே ஊற்றினார். குண்டுச் சீசாவிலும் ஊற்றிக் குலுக்கினார். "ரெண்டையும் போடு."

ஒரு மணி நேரம் இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் ஒன்றாக உட்கார்ந்தது இதுவே முதல் முறை. புதுச் சீசாத் தண்ணீரில் செல்கள் ஊர்வம்பு பேசின. குண்டுச் சீசாத் தண்ணீரில் வாயடைத்துப்போயின.

"இத எலி கண்டுபிடிச்சிருக்குமா?" என்றார் மாமியார்.

"கண்டுபிடிச்சிருக்கும் அத்தை. வருஷம் ஒண்ணு ஆகியிருக்கும்."

மாமியார் தயாராக வைத்திருந்த எலி ஆர்டரை நான்காகக் கிழித்தார். அறிக்கையை இழுத்துத் தம் கைப்பட எழுதினார்: பரிசோதனை, பத்துக்குப் பத்து. சீசாக்களை நிரப்பியவர், பத்துக்கு ஒன்பது.

"ஒன்பதரை போட்டுக்கலாமே அத்தை?"

"போடமுடியாது," என்று கையெழுத்திட்டார். "மார்க் போடற அந்தம்மா ரொம்பக் கண்டிப்பு."